அடுத்த வீட்டுக்கு ஒரு செய்தி

டிசம்பர் 25-ஆம் தேதி காலையில் உங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு தட்டு வருமே, நினைவிருக்கிறதா? மேலே பூவேலை செய்த துணி போட்டு மூடியிருக்கும். உள்ளே கேக்கும் முறுக்கும் இருக்கும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வீடாக இருந்தால் முந்திரிக்கொத்தும் இருக்கும். தட்டைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாதென்று நீங்கள் இரண்டு வாழைப்பழமோ ஒரு கைப்பிடிச் சர்க்கரையோ வைத்துக் கொடுப்பீர்கள். தீபாவளிக்கு உங்கள் லட்டும் மிக்ஸரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். இப்படி இருபது முப்பது வருஷமாகத் தட்டுகள் போய்வந்து கொண்டிருக்கும். ஆனால் அந்தப் பண்டிகை எதற்காக, அதனால் தன் வாழ்க்கைக்கு என்ன வந்தது என்று தட்டு கொண்டுவந்தவள் ஒரு தரமாவது உங்களிடம் சொன்னதுண்டா?

பெரும்பாலும் இருக்காது. "மதத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சிநேகம் கெட்டுவிடும்" என்பது எங்களில் முக்கால்வாசிப் பேருடைய எண்ணம். இன்னொரு ரகமும் உண்டு. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆவதற்குள் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் திணித்து, உங்கள் ஆத்துமாவின் கணக்கு வழக்கை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். முதல் ரகம் வாயைத் திறப்பதில்லை. இரண்டாவது ரகம் காதைத் திறப்பதில்லை. நானும் கிறிஸ்தவப் பெண்தான். இரண்டு ரகத்தோடும் பழகியிருக்கிறேன். இரண்டிலும் சேராமல் இந்தக் காரியத்தைச் செய்ய முடியும் என்று நினைக்கிறேன். அதைத்தான் உங்களோடு பேசலாமென்று வந்தேன்.

"அப்படி என்ன கட்டாயம்? அவரவர் சாமி அவரவருக்கு!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இயேசுநாதர் தம் சீஷர்களை விட்டுப் பிரியும்போது கடைசியாக ஒப்படைத்த வேலை, தம்மைப் பற்றிய செய்தியை எல்லா ஜனங்களுக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதே. இது குருவானவருக்கும் உபதேசியாருக்கும் இட்ட வேலை என்று எங்களில் பலர் தட்டிக் கழிப்பார்கள். சமையற்காரர் என்று ஒருவர் உலகத்தில் இருப்பதால், வாசலில் பசியோடு நிற்பவருக்குச் சோறு போடுவது என் பொறுப்பல்ல என்று வீட்டுக்காரி சொல்வது போலத்தான் அது!

யோவான் எழுதின சுவிசேஷத்தில் சமாரிய நாட்டுப் பெண் ஒருத்தி வருகிறாள். அவளுக்குப் பெயர்கூடக் கொடுக்கவில்லை. ஐந்து புருஷர்களைக் கண்டவள். ஊரார் வாய்க்குப் பயந்தோ என்னவோ, உச்சி வெயிலில் தனியாகத் தண்ணீர் மொள்ள வருகிறாள். கிணற்றடியில் இயேசுவோடு பேசியவள், குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். தண்ணீருக்குப் போனவள் குடத்தை மறந்துவிட்டு வந்தாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம்மைப் போன்ற பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! ஊருக்குள் போய் அவள் பிரசங்கம் செய்யவில்லை. தனக்கு நேர்ந்ததைச் சொன்னாள். நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டாள். நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு. எந்தப் பட்டமும் படிப்பும் இல்லாத ஒரு பெண்ணுக்கு அந்த வேலை எப்படி வந்தது? கண்டவள் அவள், அதனால் சொல்ல வேண்டியவளும் அவளே.

நம் ஊரிலேயே ஒருத்தி உண்டு. பாளையங்கோட்டைக்குப் போனால் 'பாப்பாத்தி அம்மாள் கோவில்' எது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பழைய, சிறிய கிறிஸ்தவ ஆலயத்தைக் காட்டுவார்கள். அதைக் கட்டியவர் கிளாரிந்தா. தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குடும்பத்துப் பெண். சிறு வயதிலேயே விதவை. உடன்கட்டை ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி காப்பாற்றினார் என்று சொல்வார்கள். அவரோடு வாழ்ந்தபோது அவரிடமிருந்தே கிறிஸ்து மார்க்கத்தைக் கற்றுக்கொண்டார். ஞானஸ்நானம் கேட்டபோது, முறையான கல்யாணம் ஆகவில்லையே என்று ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். நினைத்துப் பாருங்கள்! பிறந்த ஜாதி தள்ளி வைத்துவிட்டது. நாடி வந்த சபையும் வாசலில் நிறுத்திவிட்டது. வேறு பெண்ணாக இருந்தால் இரண்டுமே வேண்டாமென்று ஒதுங்கியிருப்பாள். கிளாரிந்தா ஒதுங்கவில்லை. லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-இல் ஸ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

அப்போது அந்த ஊரில் தங்கியிருந்து போதிக்கக் குருவானவர் யாருமில்லை. ஆனாலும் 1780-ஆம் வருஷத்துச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் இருக்கின்றன. 1785-இல் ஆலயம் எழுந்தது. பின்னால் சத்தியநாதன் என்ற தமிழ்ப் போதகர் அங்கே வந்து ஊழியம் செய்தார். திருநெல்வேலிச் சபையின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்தப் பெண்ணைத் தாண்டிப் போக முடிவதில்லை. இத்தனைக்கும் அவரை இங்கிலீஷ் நாவலின் கதாநாயகியாக்கி 1915-இல் 'கிளாரிந்தா' எழுதியவர் கிறிஸ்தவரல்ல, நம் அ. மாதவையா! நம்பிக்கையைச் சொன்ன பெண்ணின் கதையை, அந்த நம்பிக்கை இல்லாதவரும் மதித்து எழுத முடிந்தது. எனக்கு இதில் ஒரு சந்தோஷம்.

அந்தத் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற ஊரில் 1874-இல் பிறந்தவர் அசரியா. 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர்களில் ஒருவர். ஆள் நம் ஆள், பணம் நம் பணம், நிர்வாகமும் நம்முடையது என்பது சங்கத்தின் கொள்கை. தாமே தெலுங்கு படித்துக்கொண்டு தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரையும் தம் கையைத் தம் தலைமேலேயே வைத்துக்கொள்ளச் சொல்வார். நான் ஞானஸ்நானம் பெற்றவன், இந்த நற்செய்தியைச் சொல்லாவிட்டால் கேடு எனக்குத்தான் என்ற கருத்தில் அப்போஸ்தலர் பவுலின் வார்த்தையை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பார். அவர்களில் பெரும்பாலோர் எழுத்து வாசனை அறியாத கூலி ஜனங்கள்! பிஷப்பின் கை வேறு, தன் கை வேறு அல்லவா? பொறுப்பு யார் தலையில் என்பதில் சந்தேகமே வராது.

இதற்கு மறுப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். காந்தியடிகள் மிஷனரிகளிடம் ரோஜாப் பூவை உதாரணம் காட்டுவார். ரோஜா தன் மணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை, மணம் தானே பரவுகிறது என்பார். அழகான உவமைதான். மணமில்லாமல் வாயால் மட்டும் பேசுகிறவர்களுக்கு அது வேண்டிய அடியும்கூட. ஆனால் ரோஜாவுக்கு வாய் கிடையாது, எனக்கு இருக்கிறது. எந்தத் தையற்காரர் நன்றாகத் தைக்கிறார், எந்த டாக்டர் கைராசிக்காரர் என்றெல்லாம் மூச்சு விடாமல் சொல்லுகிற நான், என் உயிருக்கு ஆதாரமென்று நம்புவதை மட்டும் சொல்லமாட்டேன் என்றால், அதை அடக்கம் என்பதா, அலட்சியம் என்பதா?

சட்டம் என்ன சொல்கிறது என்று வீட்டில் ஆண்பிள்ளைகள் கேட்பார்கள். நம் அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு, மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977-இல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில், பரப்புவது என்றால் தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்வது. இன்னொருவரை மதம் மாற்றுவது ஓர் உரிமையாகாது என்று விளக்கியது. வக்கீல்கள் இதைப் பற்றி வாதாடிக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது அந்த முதல் பாதி. அரிசியையும் பணத்தையும் பள்ளிக்கூட இடத்தையும் காட்டி நம்பிக்கையைப் பேசுகிறவர்கள் பேரம் பேசுகிறார்கள். அதை எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் நான் ஒப்பமாட்டேன்.

என் பாட்டி பாளையங்கோட்டையில் வீடு வீடாய்ப் போய் வேதம் வாசித்தவர்கள். தெருவில் 'பைபிள் அம்மா' என்றுதான் பெயர். வெள்ளைப் புடைவை, துணிப் பை, ஒரு கறுப்புக் குடை. பள்ளிக்கூடம் பாராத பெண்களுக்கு அனா ஆவன்னா சொல்லிக் கொடுப்பார்கள். காய்ச்சல்காரி இருக்கிற வீட்டில் முதலில் அடுப்பைப் பற்ற வைத்துக் கஞ்சி போடுவார்கள். பை மூலையில் கிடக்கும். "கேட்டவளுக்குச் சொல்லாமல் வராதே, கேளாதவளை இரண்டாம் தரம் இழுக்காதே" என்பார்கள். இதைச் சிறு வயதில் கேட்டபோது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. சென்னையில், எங்கள் மாடிக் குடியிருப்பில்தான் அதன் கனம் தெரிந்தது.

எதிர் வீட்டு மாமிக்கு எழுபது வயதிருக்கும். நான் கணவரை இழந்தபோது பத்து நாள் எனக்கு ரசமும் சாதமும் கொண்டுவந்து, எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட வைத்தவர். நாலு வருஷம் கழித்து அவருடைய மூத்த பிள்ளை, நாற்பத்திரண்டு வயது, ஆபீசில் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியங்களெல்லாம் முடிந்து உறவினர் கலைந்த பிறகு ஒரு சாயங்காலம் மாமி என் வீட்டுக்கு வந்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"ஏம்மா, உன் ஆத்துக்காரர் போனப்போ நீயும்தான் அழுதே. ஆனா ராத்திரி நீ பாடறது எனக்குக் கேட்கும். எப்படிப் பாட முடிஞ்சுது உன்னால? சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதே. நிஜத்தைச் சொல்லு."

என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துக்கத்தில் நுழைந்து மதம் பேசுவதா? அது திறந்து கிடக்கிற வீட்டில் புகுவது போல. ஆனால் அவரே கூப்பிடுகிறார். இப்போது "எல்லாம் சரியாகிவிடும் மாமி" என்று மழுப்பினால், எனக்கு ரசமும் சாதமும் ஊட்டியவருக்கு நான் வெறும் தட்டைத் திருப்பித் தருகிறேன். அதனால் சொன்னேன். பத்து நிமிஷம் இருக்கும். இயேசு இறந்து மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார் என்று நான் நம்புவதையும், ஆகையால் என் கணவர் காணாமல் போய்விடவில்லை என்று நினைப்பதையும், அப்படி நினைத்தும் அழுகை வருகிறது, பாட்டும் வருகிறது என்பதையும் சொன்னேன்.

"அவரைத் திரும்பப் பார்ப்பேன்னு நிஜமாவே நம்பறியா?"

"நம்புகிறேன் மாமி."

"எனக்கு என் கிருஷ்ணன் இருக்கான்" என்றார் மாமி. சற்றுப் பொறுத்து, "ஆனா அப்படி நம்பற ஒருத்தி எதிராத்துல இருக்கான்னு தெரிஞ்சா, ராத்திரி கொஞ்சம் தூக்கம் வரும்" என்றார்.

விஷயம் இத்தோடு முடியவில்லை. பெங்களூரிலிருந்து வந்த இளைய பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. "ஆன்ட்டி, அம்மா இருக்கிற நிலைமையில இதெல்லாம் பேசலாமா? உங்ககிட்ட நான் எதிர்பார்க்கலை" என்றான். கேட்டார்கள், சொன்னேன் தம்பி என்றேன். அவன் சமாதானமாகவில்லை, அடுத்த இரண்டு முறை வந்தபோதும் லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் பேரில் எனக்குக் கோபமில்லை. அவன் கேள்விப்பட்ட கதைகளெல்லாம் பொய்யென்று நான் சாதிக்க முடியாது. வலித்தது என்னவோ உண்மை; குழந்தையாக இருந்தபோது என் மடியில் வளர்ந்தவன். கடைசியில் மாமிதான், "நான்தாண்டா கேட்டேன். அவ பதில் சொன்னா. உனக்கென்ன?" என்று ஒரு போடு போட்டார்.

இப்போது வியாழக்கிழமை சாயங்காலம் நான் மாமி வீட்டுக்குப் போகிறேன். அவர் நாராயணீயம் படிப்பார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் கிருஷ்ணனை விடவில்லை. விடுங்கள் என்று நான் சொல்லவுமில்லை. ஆனால் புத்தகத்தை மூடி வைத்ததும், சில நாளில், ஒரு கேள்வி கேட்பார். போன வாரம் கேட்டது இது:

"அவரைச் சிலுவையில அறைஞ்சப்போ, அவரோட அம்மா அங்கே இருந்தாளா?"

"இருந்தார்கள் மாமி."

"உட்கார்ந்துண்டா?"

"நின்றுகொண்டு. அப்படித்தான் எழுதியிருக்கிறது."

மாமி நெடு நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த இடத்தைப் படிச்சுக் காட்டேன்" என்றார். புத்தகமும் மூக்குக் கண்ணாடியும் என் வீட்டில் இருந்தன. எடுத்து வர எழுந்தேன்.