குறி இல்லாத கன்றுகள்

தண்ணீரூற்று என்ற பெயரைக் கேட்டுவிட்டு, "நல்ல மழையூராக்கும்" என்று கொழும்புப் பத்திரிகை அலுவலகத்தில் ஒரு நண்பர் கேட்டார். உண்மையில் அதுவும் முல்லைத்தீவின் ஏனைய ஊர்களைப் போல உலர்வலயத்து ஊர்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே பெரும்பாலும் ஆண்டு முழுவதற்குமான நீர். கச்சான் காற்று தொடங்கினால் புல் கருகிச் சிறுகுளங்கள் வெடித்துவிடும். ஊற்று அருமையாக இருந்ததனால்தான் அது ஊரின் பெயராயிற்று.

இந்த நிலத்துக்குப் பொருந்திய செல்வம் மாடு. வன்னிப் பட்டிமாடுகளைக் கட்டி வைத்து வளர்ப்பதில்லை. காலபோக நெல் விதைத்ததும் காட்டோரத்துக்கும் தரவைக்கும் சாய்த்துச் செல்வார்கள். அறுவடை முடிந்ததும் வயலுக்குள் இறக்குவார்கள். கோடையில் குளம் வற்ற வற்ற, அலைகரைப் புல்லைத் தேடி மாடுகளும் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். வற்றாப்பளைக் கண்ணகியம்மன் ஐதீகத்தில் கூட, நந்திக்கடலோரத்தில் மூதாட்டி வடிவில் வந்த அம்மனை முதலில் கண்டவர்கள் மாடு மேய்த்த சிறுவர்கள்தாம். விளக்குக்கு எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை ஊற்றி ஏற்றியவர்களும் அவர்களே. வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் உப்புநீரில் விளக்கெரிகிறது.

வேலியில்லாத மேய்ச்சலில் மாடு யாருடையது என்று சொல்வது சூட்டுக்குறி. இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தொடையில் இடுவார்கள். 1958 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும் அதைத்தான் கேட்டது. அமெரிக்காவின் நெவாடா போன்ற வறண்ட மலை மாநிலங்களிலும் இதே வழக்கம் உண்டு. குதிரையில் வரும் மாட்டுக்காரரைத் திரையில் பார்த்து வியந்த நாங்கள், சைக்கிளில் வரும் எங்கள் மாட்டுக்காரரை ஒருநாளும் வியந்ததில்லை.

2008 இன் இறுதியில் ஊர் இடம்பெயர்ந்தபோது பெரியையா பட்டியைத் திறந்துவிட்டுப் போனார். முள்ளிவாய்க்கால், பிறகு முகாம். 2011 இல் திரும்பியதும் வீட்டுக்குக் கூரை போடும் முன்பே மாடு தேடிக் காட்டுக்குள் போனார். நானும் ஒருநாள் கூடப் போனேன். அவருடைய குறியோடு பதினொரு பசுக்கள் அகப்பட்டன. ஆளில்லாத காலத்தில் பிறந்து வளர்ந்த குறியில்லாத நாம்பன்களும் கிடாரிகளும் அவற்றைச் சுற்றி நின்றன. ஆளைக் கண்டு மிரண்டன.

தாயோடு ஒட்டி நின்ற சின்னக் கன்றுகளுக்கு மட்டும் குறி சுட்டார். மற்றவற்றுக்கு இரும்பு காய்ச்ச மறுத்துவிட்டார்.

"உங்கடை பசுவின்ரை கண்டாத்தானே இருக்கும், பெரியையா?"

"இருக்கும், தம்பி. இல்லாமலும் இருக்கும். பக்கத்துப் பட்டிக்காரர் இன்னும் வரேல்லை. வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

பக்கத்துப் பட்டிக்காரர் வரவேயில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் வரவில்லை.

2022 மார்கழியில் 'மாண்டஸ்' புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் ஓரிரு நாட்களில் விறைத்து இறந்தன. மழையில் நனைந்தபடி வெட்டவெளியில் நின்ற பட்டிகள் அவை. தொலைபேசியில் பெரியையா கணக்குச் சொன்னார்: தன்னுடையது ஆறு, அவர்களுடையது மூன்று.