மின்கம்பி கட்டாத வேலி

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டுப் பக்கம், மலையடிவாரத்தில் 2 ஏக்கர் மானாவாரி நிலமும் அதன் நடுவில் ஓட்டு வீடும் உள்ள குடும்பம் அது. வீட்டின் பின்னால் கிணறு, துவைகல், அந்தத் தண்ணீர் பாயும் நாலு வாழை. வாழையைத் தாண்டினால் பீர்க்கும் புடலையும் ஏறிய பந்தல். வீட்டுக்காரரின் பட்டறை மாட்டுக் கொட்டகையின் தாழ்வாரம்தான். மண்வெட்டிக்குக் காம்பு போடுவது, கதிரரிவாள் தீட்டுவது, பழைய சைக்கிள் சக்கரத்தைக் கயிறு முறுக்கும் ராட்டையாக மாற்றுவது எல்லாம் அங்கேதான். எந்த இரும்பையும் அவர் பழைய இரும்புக் கடைக்குப் போடமாட்டார். அவர் மனைவிக்கு அதில் எப்போதும் ஒரு சலிப்பு உண்டு.

ஆடியில் விதைத்த நிலக்கடலை புரட்டாசியில் காய் திரளும் சமயம், காட்டுப்பன்றிகள் இறங்கின. பன்றி தின்பதைவிடக் கிளறிக் கெடுப்பது அதிகம். ஓர் இரவில் அரைப் பாத்தியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பரண் கட்டி, தகர டின்னைத் தட்டிக்கொண்டு நான்கு இரவு காவல் இருந்தார்கள். ஐந்தாவது இரவு கண் அசந்த நேரத்தில் மறுபடியும் வந்துவிட்டது.

அப்போதுதான் பங்காளி வீட்டுப் பையன் வந்து யோசனை சொன்னான்.

"பெரியப்பா, ஒரு கட்டுக்கம்பி, மோட்டார் லைன்ல ஒரு கொக்கி. ராத்திரி பத்து மணிக்குப் போட்டு விடியக்காலம் எடுத்துட்டாப் போதும். ஊர்ல நாலு பேரு அதான் பண்றாங்க."

வீட்டுக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. விதைக்கும் உழவுக்கும் வாங்கிய கடன் அவர் மனதில் இருந்தது. பதில் சொன்னது அவர் மனைவி.

"பன்னி வந்தா மட்டும் பிடின்னு கம்பிகிட்டச் சொல்லிட்டு வருவியாப்பா? உன் தம்பி கடைசி பஸ்ல இறங்கி அந்த வரப்பு மேலதான் நடந்து வர்றான்."

மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய் வருகிறவன். இரண்டாம் ஷிப்ட் என்றால் நள்ளிரவாகும். பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த அம்மா சொன்னதில் இருக்கும் விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கும் மோட்டாருக்கும் வரும் மின்சாரம் மாறுமின்னோட்டம். ஒரு முனையில் 230 வோல்ட். மும்முனை மோட்டார் லைனில் இரண்டு கம்பிக்கு இடையே 400 வோல்ட்டுக்கு மேல். தொட்டவுடன் தசை இறுகிவிடும். கையை எடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாது. உடம்பு வழியே 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே இதயம் நின்றுபோகும் ஆபத்து வருகிறது. பனி இறங்கிய ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அதைவிடப் பல மடங்கு பாயும். இரவில் ஆடு தேடிப் போனவர், தண்ணீர் மாற்றப் போனவர், கம்பி போட்டதையே மறந்துபோன நிலத்துக்காரர் என்று இப்படிச் செத்தவர்கள் பலர். அடுத்தவர் உயிர் போனால் கம்பி கட்டியவர் மீது மரணம் விளைவித்த குற்றத்துக்கான வழக்கு வரும். இதே பாலக்கோடு வட்டாரத்தில், மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச் மாதம் இப்படிக் கட்டிய கம்பியில் சிக்கி 3 பெண் யானைகள் இறந்தன. கூட வந்த 2 குட்டிகள் மட்டும் பிழைத்தன.

சூரிய மின்வேலி என்பது வேறு. அதில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. பேட்டரியிலிருந்து ஒரு கருவி நொடிக்கு ஒரு முறை அளவில், கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாக ஒரு துடிப்பை அனுப்பும். விலங்கு அதிர்ந்து விலகும், சாகாது. அந்தக் கருவி தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும். காப்புக்காட்டை ஒட்டிய நிலமானால் வனத்துறையில் அனுமதியும் பதிவும் தேவை. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் உண்டா என்று கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. இந்தக் குடும்பத்துக்கு அந்த ஆண்டு அதற்குக் கையில் காசு இல்லை.

காசு இல்லாத இடத்தில்தான் தாழ்வாரத்து இரும்பு உதவிக்கு வந்தது. ஓடாத மின்விசிறியின் இறக்கையைச் சைக்கிள் அச்சில் பொருத்தி, ஒரு கம்பத்தின் உச்சியில் நிறுத்தினார் வீட்டுக்காரர். அச்சின் பின்முனையில் சங்கிலித் துண்டில் ஒரு போல்ட்டு. அது சுற்றும்போது அடிபட ஓட்டை விழுந்த எவர்சில்வர் தட்டு. காற்று அடித்தால் இரவெல்லாம் 'டங் டங்' என்று சத்தம். இரும்பைக் கண்டு சலித்துக்கொண்ட மனைவிதான் தட்டை எடுத்துக் கொடுத்தார்.

அவரே தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழைய புடவைகள் வாங்கி வந்தார். பன்றி வரும் தடம் உள்ள இரண்டு பக்கமும் குச்சி நட்டு, இடுப்பு உயரத்துக்குப் புடவையை இழுத்துக் கட்டினார்கள். கீழ் ஓரம் தரையைத் தொட வேண்டும், இடைவெளி விட்டால் பன்றி மூக்கை நுழைத்துவிடும். மறைப்பும் மனித வாடையும் சேர்ந்து பன்றியைத் தயங்க வைக்கின்றன.

இவை எதுவும் நிரந்தரம் இல்லை. பன்றி புத்திசாலி. ஒரே இடத்தில் ஒரே சத்தம் கேட்டால் சில நாளில் பழகிவிடும். ஆகவே காற்றாடிக் கம்பத்தை மூன்று நாளைக்கு ஒரு முறை இடம் மாற்றினார்கள். காற்று இல்லாத இரவில் பரணில் ஆள் இருந்தது. அப்படியும் வடக்கு மூலையில் நாலைந்து பாத்தி போயிற்று. மீதி கடலை வீடு வந்து சேர்ந்தது. விதைக்கடன் அடைந்தது, உழவுக்கூலியில் கொஞ்சம் பாக்கி நின்றது.

அடுத்த ஆடிக்கு அவர்கள் முன்கூட்டியே யோசித்தார்கள். கடலை விதைத்த அன்றே வரப்பை ஒட்டி மூன்று வரிசை ஆமணக்கை நெருக்கி விதைத்தார்கள். பன்றி ஆமணக்கைத் தின்பதில்லை. கடலை காய்க்கும் நேரத்தில் அது ஆள் உயரத்துக்கு மறைப்பாக நிற்கும், விதையும் காசாகும். காட்டுப் பக்க எல்லையில் மழை விழுந்ததும் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு, இடையில் கற்றாழை வைத்தார்கள். போத்து வேர் பிடித்துக் கிளை பின்னி வேலியாக நாலைந்து வருடம் ஆகும். ஆனால் ஒரு முறை வளர்ந்தால் தலைமுறைக்கு நிற்கும். ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும்.

கொக்கி போட யோசனை சொன்ன பையன், போத்து நடும் நாளில் கடப்பாரையோடு வந்து குழி போட்டான். அவன் காட்டிலும் இப்போது ஒரு காற்றாடி சுற்றுகிறது. தட்டு மட்டும் பெரியம்மா கொடுத்தது.

கடலை போனால் அடுத்த பட்டத்தில் விதைக்கலாம். கொக்கி போட்டுக் காப்பாற்றும் கடலைக்கு ஈடாக எந்த வீட்டு வாசலில் பந்தல் போட வேண்டி வரும் என்பது யாருக்கும் தெரியாது. உங்கள் ஊரிலும் யாராவது மோட்டார் லைனில் கொக்கி போடுவது தெரிந்தால், சண்டைக்குப் போகாமல் உட்காரவைத்துப் பேசுங்கள். பழைய புடவையும் ஒரு தட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள். கேட்காவிட்டால் மின்வாரியத்துக்குச் சொல்லிவிடுங்கள். அந்த வரப்பில் நாளை நடப்பது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.