பாலைவனத்து ஓடையில் பிரவுன் ட்ரவுட்

நெவாடாவின் கிழக்கு எல்லையில், பேக்கர் என்ற சிற்றூரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சேஜ் புதர்தான். அந்தப் பொட்டலுக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 3,982 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது வீலர் சிகரம். அதன் பனி உருகி லேமன் ஓடை, பேக்கர் ஓடை என்று இறங்கி வருகிறது. இந்த நீர் எந்தக் கடலையும் சேர்வதில்லை. கிரேட் பேசின் எனப்படும் அந்தப் பெருநிலத்திலிருந்து கடலுக்கு வழியே கிடையாது. அடிவாரம் வந்ததும் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும், மிச்சம் வயலுக்கும் வெயிலுக்கும் போகும். ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய இந்த ஓடைகளில்தான் பிரவுன் ட்ரவுட் வாழ்கிறது.

இங்கே நீளமான தூண்டில் கோல் உதவாது. கரையெல்லாம் வில்லோவும் காட்டு ரோஜாவும் பின்னிக் கிடக்கும். இரையாகக் கட்டும் செயற்கைப் பூச்சிக்கு எடை கிடையாது. வழக்கமாகக் கனமான நரம்பை முன்னும் பின்னும் வீசித்தான் அதைத் தண்ணீரில் சேர்க்க வேண்டும். அதற்கு இடமில்லாதபோது முள்ளின் வளைவை இரண்டு விரலால் பிடித்து, நரம்பை இழுத்து, கோலின் நுனியை வில்லாக வளைத்து விட்டுவிடுவேன். பூச்சி புதரிடுக்கில் பாய்ந்து தண்ணீரில் விழும். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் மீன். அதனால் கீழிருந்து மேலாக, அதன் வால்பக்கமாக நெருங்க வேண்டும். நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் கதை முடிந்தது.

கோடைக் கடைசியில் வெட்டுக்கிளி உருவம் ஒன்றே போதும். பாறைக்கு அடியிலிருந்து பொன்பழுப்பு உடல் எழும்பி, அவசரமில்லாமல் வாயைத் திறக்கும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை எடுத்துவிடும். ஒரு சாண் நீளம்தான். விலாவில் வெளிறிய வளையங்களுக்குள் சிவப்புப் புள்ளிகள். முள்ளின் எதிர்க்கொக்கியை முன்பே இடுக்கியால் நசுக்கியிருந்தால் நொடியில் கழன்றுவிடும்.

நான் உயிராக நேசிக்கும் இந்த மீன் அந்த மண்ணுக்குச் சொந்தமானதல்ல. 1883-இல் ஜெர்மனியிலிருந்து முட்டைகளாகக் கப்பலேறி நியூயார்க் வந்த இனம் அது. இந்த மலைக்கு உரியது பானவில் கட்த்ரோட் என்ற ட்ரவுட் வகை. பனியுகத்தில் அங்கே பானவில் என்றொரு பேரேரி இருந்தது. அது வற்றியபோது கட்த்ரோட் மலையோடைகளில் ஒதுங்கிப் பிழைத்தது. பின்னால் மனிதர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் வகைகள் அந்த இடத்தையும் நெருக்கின. கிரேட் பேசின் தேசியப் பூங்காவினர் சில ஓடைகளில் வந்தேறி மீன்களை அகற்றிவிட்டுக் கட்த்ரோட்டைத் திரும்பக் குடியேற்றினார்கள். ஸ்ட்ராபெரி ஓடை அவற்றில் ஒன்று. இதில் நான் பூங்காவின் பக்கம். பிரவுன் ட்ரவுட்டுக்கு ஐரோப்பா முழுவதும் தாய்வீடு இருக்கிறது. பானவில் கட்த்ரோட்டுக்கு அந்தப் பழைய ஏரிப் படுகையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

இரண்டுக்கும் பொது எதிரி சூடு. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். தூண்டிலில் போராடிக் களைத்த மீன், விடுவித்த பிறகு நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பிறகு செத்துப்போகலாம். பனி குறைந்த ஆண்டுகளில் இந்த அபாயம் அதிகம். கோடையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் 20 டிகிரி செல்சியஸ் காட்டினால் நரம்பைச் சுருட்டிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் வாருங்கள்.