வெளியே நிறுத்திய காற்று

ஜூன் 9

கணிப்பொறியின் சில்லை உறைநிலைக்கும் வெகு கீழே நிறுத்தி வைக்கும் யந்திரமொன்றை என் கையாலேயே செய்ய வேண்டுமென்ற நெடுநாளைய ஆசை, இன்று ஒரு பழைய கம்ப்ரசராகவும் சில முழம் செம்புக் குழாயாகவும் மேஜைமேல் வந்து அமர்ந்திருக்கிறது. தத்துவம் மண்பானைக்குரியதே. பானையில் கசியும் ஜலம் ஆவியாகும்போது உஷ்ணத்தைக் கொண்டுபோவது போல, பூஜ்யத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதிக்கும் பிரொப்பேன், சில்லின் மீது அமர்ந்த செம்புக் கிண்ணத்துக்குள் கொதித்து வெப்பத்தை வாங்கி, கம்ப்ரசரில் அழுத்தமுற்று, கண்டென்சரில் அவ்வெப்பத்தை உதறித் திரவமாகி, கேபிலரி என்னும் நூல்போன்ற குழாய் வழியே திரும்பி வருகிறது. 200 வாட் சில்லுக்கு நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிராம் போதும் என்பதை நினைக்க நினைக்க ஆச்சரியமாயிருக்கிறது.

ஜூன் 14

குழாய்களைப் பற்றவைத்தாயிற்று. நைட்ரஜனை நிரப்பி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தோம். இச்சோதனைக்குப் பிராணவாயுவை உபயோகித்தால் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடித்துவிடும்.

"குழாய்ல காத்து நின்னா எல்லா வேலையையும் கெடுத்துடும், தம்பி" என்று சொல்லி, எனக்குக் குருவாய் வாய்த்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வாக்குவம் பம்பை இரண்டு மணி நேரம் ஓடவிட்டார். அளவி 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் ஏறாமல் நின்றது. எஞ்சிய ஈரம் அந்த வெறுமையில் தானே கொதித்து வெளியேறிவிடும். வெளியேறாத துளியோ கேபிலரியின் வாயில் பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடும். பிறகு, தீப்பற்றும் வாயுவாதலால், திறந்த முற்றத்தில், நெருப்பின் சுவடே இல்லாத இடத்தில், தராசில் நிறுத்துப் பிரொப்பேனைச் செலுத்தினோம்.

ஜூன் 21

உள்ளிருந்த காற்றை விரட்டினோம், வெளிக்காற்று விடவில்லை. இந்தக் கடலோர ஊரில் இன்று உஷ்ணம் 30 பாகை, ஈரப்பதம் 80 சதவீதம். ஆகவே 26 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பொருளும் வியர்க்கும். சில்லைச் சுற்றிலும் வாசலின் பூசி, கிண்ணத்தைக் கறுப்பு நுரை ரப்பரால் இடைவெளியின்றிப் போர்த்தியிருந்தும், சில்லைத் தாங்கும் பலகையின் பின்புறத்தை நான் மறந்ததால் அங்கே முத்துமுத்தாய் நீர் கோத்தது. மின்சாரத்தை உடனே நிறுத்தினேன். ஒரு பலகை போயிற்று. அதற்கு என் கவனக்குறைவைத் தவிர வேறு காரணமில்லை.

ஜூன் 28

சில்லை இன்னும் குளிர்விக்க, நண்பர் பத்து லிட்டர் திரவ நைட்ரஜனோடு வருவதாகக் கடிதம் எழுதியிருக்கிறார். பூஜ்யத்துக்குக் கீழே 196 பாகை! மனம் குதூகலித்தது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்திரவம் வாயுவாகும்போது சுமார் 700 மடங்கு விரியும். அடைத்த என் பத்தடிச் சதுர அறையில் அவ்வளவும் ஆவியானால், 21 சதவீதமிருக்கும் பிராணவாயு 16க்கு இறங்கிவிடக்கூடும். மூச்சு முட்டும் உணர்ச்சியை நமக்குத் தருவது கரியமிலவாயுவின் பெருக்கமேயன்றிப் பிராணவாயுவின் குறைவு அன்றாதலால், அபாயம் நெருங்குவதை உடல் அறிவிப்பதில்லை. மனிதன் கலங்குவதற்கு முன்பே பிரக்ஞை இழந்துவிடுகிறான். இத்தனை நாள் காற்றை வெளியே நிறுத்தப் பாடுபட்டவன், இப்போது அதை உள்ளே அழைக்க வேண்டியவனாகிறேன்.

மேஜையை மொட்டைமாடிக்கு ஏற்றியாயிற்று. மழைக்காகக் கீற்றுக் கூரை மட்டும் போடும்படியும், பக்கங்களில் ஒரு தட்டிகூடக் கட்ட வேண்டாமென்றும் கொத்தனாருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்.