வாசம் தராசில் நிற்குமா?

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் என் பேச்சு வேதவாக்கு. அந்த வாக்கு ஒரு முறை பொய்த்த கதை இது.

திண்டுக்கல் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் துளசி. வியாபாரி தழையை எடை போட்டு வாங்கிப் போவார். சென்ற கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. அப்பா கவலையோடு உட்கார்ந்திருந்தார். நூலகத்தில் படித்த ஒரு வரி எனக்கு ஞாபகம் வந்தது. "அப்பா, காயப் போட்டா நல்லதுதான். துளசியில எண்ணெய் கூடுமாம்" என்றேன்.

"படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றவர், நாலு நாளைக்கு ஒரு தண்ணீரைப் பத்து நாளைக்கு ஒன்றாக்கினார்.

அறுப்பன்று பார்த்தால் செடியெல்லாம் குட்டை. இலை சிறுத்து, தண்டு முற்றியிருந்தது. கசக்கினால் வாசனை மட்டும் மூக்கைத் துளைத்தது! எடையோ வழக்கத்தில் பாதிதான். அப்பா கோபிக்கவில்லை. "வாசம் தூக்கலாத்தான் இருக்கு தம்பி. தராசுல வாசம் நிக்கலையே..." என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டித் தண்ணீர் வழியும் ஓரத்தில் செழித்த தழையையும், காய்ந்த பாத்தித் தழையையும் நிழலில் உலர்த்தி, சம எடையில் எங்கள் லேபுக்குக் கொண்டுவந்தேன். ஆசிரியர் அனுமதியோடு கிளெவெஞ்சர் கருவியில் காய்ச்சினேன். காய்ந்த பாத்தியில்தான் எண்ணெய் அதிகம்! புத்தகம் பொய் சொல்லவில்லை. நான்தான் பாதி படித்திருக்கிறேன்.

துளசி எண்ணெய் இலை மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. தாகத்தில் இலை சிறுத்தால் சுரப்பிகள் நெருங்கும், சதவீதம் ஏறும். ஆனால் தண்ணீரைக் காக்கச் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். கரியமில வாயு உள்ளே போகாது, உணவு தயாராகாது, வளர்ச்சி நின்றுவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ தழையில் 0.5 சதவீதம் என்றால் எண்ணெய் 500 கிராம். 60 கிலோவில் 0.7 சதவீதம் என்றால் 420 கிராம்தான். சதவீதம் கூடியது, எண்ணெய் குறைந்தது! தழையை எடைக்கு விற்கும் அப்பாவுக்கோ 40 கிலோவும் நஷ்டம்.

இந்த வருடம் அப்பா கிணற்றுத் தண்ணீருக்குத் தக்க பாத்திகள் மட்டும் நட்டு, சருகு மூடாக்குப் போட்டிருக்கிறார். நான் "புத்தகத்துல இருக்கு" என்று ஆரம்பித்தால் இப்போது சிரித்துக்கொண்டே கேட்கிறார்: "முழுசாப் படிச்சியா தம்பி?"

— மூன்றாம் ஆண்டு, கெமிக்கல் எஞ்ஜினீயரிங்