தாமான் கயிறு

தந்தையார் மறைந்த ஓராண்டுக்குள் உடன்பிறந்தோர் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தோம். வீட்டின் முன்கட்டு யாருக்கு என்பதே வழக்கு. 1988-ஆம் ஆண்டு மே மாதத்தில் தாய்மாமன் எங்களை மணப்பாட்டுக்கு அழைத்தார். ஒருவரை அழைத்தது மற்றவருக்குத் தெரியாது. உள்நாட்டில் வளர்ந்த எங்களுக்குக் கடல் என்பது கரையில் நின்று காணும் காட்சி மட்டுமே.

“வந்ததற்குப் பாய் ஓட்டவாவது படியுங்கள்” என்றார் மாமா. கட்டுமரத்தைக் கடற்கரை மக்கள் ‘மரம்’ என்றே சொல்வர். செதுக்கிய கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த அதில் ஏறும் அலைநீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். மூத்தவரிடம் பாயை இழுக்கவும் தளர்த்தவும் ஆன தாமான் கயிறு, இளையவரிடம் திசை திருப்பும் துடுப்பு, நடுவில் மாமா.

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயும் ஓடாது என்பது முதற்பாடம். காற்று வரும் திசையிலேயே போக வேண்டுமாயின், ஒரு பக்கம் விலகி ஓடி, பின்பு மறுபக்கம் திரும்பி ஓடித்தான் இலக்கை நெருங்கலாம். நீருக்குள் இறக்கிய பலகை மரத்தைப் பக்கவாட்டில் நழுவ விடாது. அதனால்தான் பக்கத்திலிருந்து தள்ளும் காற்றும் முன்னே செலுத்தும் விசையாகிறது.

இரண்டாம் நாள் சோழகக் காற்று திடீரென வலுத்தது. மரம் சாய்ந்தது. அஞ்சியவர் கையிலிருப்பதை இறுகப் பற்றுவது இயல்பு. மூத்தவரும் தாமானை மேலும் இறுக்கினார். “விடுல மருமவனே, தாமானை விடு!” என்று மாமா கூவி முடிக்குமுன் மூவரும் நீரில் கிடந்தோம்.

கவிழ்ந்த மரத்தைப் பற்றியபடியே நாங்கள் சண்டையிட்டோம். கயிற்றை விடாதவர் குற்றமா, துடுப்பைத் திருப்பாதவர் குற்றமா? ஓராண்டுக்குப் பின் நாங்கள் பேசிய முதற்பேச்சு அதுவே. மாமா சிரித்தார். “வழக்கைக் கரையில வச்சுக்கலாம். இப்ப மரத்தை நிமிர்த்தணும். ஒருத்தரால ஆகாது.” சேர்ந்து நிமிர்த்தினோம்.

அன்று மாலை திருச்சிலுவைக் கோயில் குன்றில் அமர்ந்திருந்தோம். 1540-இல் புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலொன்றின் உடைந்த பாய்மரத்தில் செய்த சிலுவையே இங்கு முதலில் நடப்பட்டது என்பது ஊர் மரபு. உடைந்ததைக் கொண்டும் ஒன்றை நிறுத்தலாம் போலும் என்று எண்ணினோம், வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் மாமா எங்களை இடம் மாற்றி அமர்த்தினார். துடுப்பின் பாரத்தை மூத்தவர் அறிந்தார். காற்று கயிற்றைப் பறிக்கும் வேகத்தை இளையவர் அறிந்தார். முற்றும் விட்டால் பாய் படபடத்து மரம் நின்றுவிடும்; விடாப்பிடியாய் இருந்தாலோ கவிழும். கையில் வைத்துக்கொண்டே தளர்த்துவதுதான் கடினமான கலை.

பின்னாளில் அக்கடலிலும் இயந்திரப் படகுகள் பெருகின. மாமாவும் மறைந்தார். முன்கட்டை முதலில் விட்டுக்கொடுத்தவர் யார் என்று எங்கள் பிள்ளைகள் இன்றும் கேட்பதுண்டு. உண்மையாகவே எங்கள் இருவருக்கும் அது நினைவில்லை.