ஏடும் கத்தியும்

பண்டாரவளைக்கு அண்மையில், ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியனாகப் பணியாற்றிய காலம். 1980ஆம் ஆண்டு நவராத்திரியின் ஒன்பதாம் நாள், மாணவி ஒருத்தியின் வீட்டுப் பூசைக்குச் சென்றிருந்தேன். லயத்துக் காம்பராவின் மூலையில் ஒரு பலகை. அதன்மீது அவளுடைய பாடப் புத்தகங்கள். பக்கத்தில் தகப்பனின் கவ்வாத்துக் கத்தி. கீழே தாயின் கொழுந்துக் கூடை. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு.

முந்திய வாரந்தான் வகுப்பில் கிரேக்கரின் அதீனாவைப் பற்றிச் சொல்லியிருந்தேன். நாம் வீரத்தைத் துர்க்கையிடமும் கல்வியைச் சரஸ்வதியிடமும் பிரித்துக் கொடுத்து, வேறு வேறு நாட்களில் வணங்குகிறோம். கிரேக்கரோ தலைக்கவசமும் ஈட்டியும் தாங்கிய ஒருத்தியையே அறிவுக்கும் போருக்கும் நெசவுக்கும் தெய்வமாக்கினர். பலகையைக் காட்டி, "அதீனா இங்கேதான் இருக்கிறாள்" என்றேன் பெருமையோடு. சிறுமி தாய்க்குக் கதையை விளக்கினாள்: தந்தை சீயஸின் தலையிலிருந்து முழுக் கவசத்துடன் பிறந்தவள்.

தாய் கேட்டாள்: "அப்ப அந்தச் சாமிக்கு அம்மா இல்லீங்களா சேர்? தாயில்லாத பொண்ணு யாரு பக்கம் பேசும்?"

நான் திகைத்துப் போனேன். தாய் இருந்தாள், மீட்டிஸ் என்பது அவள் பெயர். கருவுற்ற அவளைச் சீயஸ் விழுங்கிவிட்டான். கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் நாடகத்தில், தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸின் வழக்கு விசாரிக்கப்படுகிறது. தனக்குத் தாயில்லை என்று காரணம் கூறி, அதீனா கொலை செய்த மகனுக்கே வாக்களிக்கிறாள். சாயக்காரன் மகள் அராக்னியின் கதையை ரோமக் கவிஞன் ஒவிட் சொல்கிறான். தேவர்கள் பெண்களுக்கு இழைத்த கொடுமைகளை அவள் பழுதின்றி நெய்து காட்டினாள். அதீனா அத்துணியைக் கிழித்து அவளைச் சிலந்தியாக்கினாள். அத்தேவியின் பெயர் தாங்கிய ஏதென்ஸின் மக்கள் சபையில் பெண்ணுக்கு வாக்குரிமை இல்லை. படிக்காத அந்தத் தாய் ஒரே கேள்வியில் இதன் வேரைத் தொட்டுவிட்டாள்.

சில வாரங்களின் பின், மாலை நிறுவையின்போது அச்சிறுமி தாயின் அருகே நின்றாள். தராசின் முள் 17 கிலோவைக் காட்டிற்று. கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கழித்து, துண்டில் 14 என்று எழுதப்பட்டது. "பதினேழு" என்றாள் சிறுமி, எல்லோருக்கும் கேட்கும்படி. எழுதியவரின் முகம் சிவந்தது. அடுத்த ஒரு வாரம் தாய்க்குச் செங்குத்தான மலையிலேயே வேலை. ஆனால் மறுநாள் மாலை, தராசடியில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஐந்து பேர் நின்றனர். ஒவ்வொரு பிள்ளையும் தன் தாயின் பக்கத்தில்.

அன்று பெண்ணுக்கு ஆணிலும் குறைந்த நாட்சம்பளம். 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்திற்குப் பிறகே அது சமமாயிற்று. இன்றும் கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சங்க மேடைகளின் நாற்காலிகளிலோ பெரும்பாலும் ஆண்கள்.

நண்பர்களே, அறிவு ஆயுதந்தான். ஆயினும் அது எவர் கையில், எவர் பக்கம் என்ற கேள்வியையும் நம் மாணவருக்குக் கற்பிக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் எனக்குக் கிட்டாத அக்கேள்வியை, கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய ஒரு தாயிடம் நான் கற்றேன். பிறந்த வயிற்றை மறவாத அறிவே உழைப்பவனின் அறிவு.